இணைவு மாறிய கல்லூரிகளும் எதிரணி இழந்த பந்தாட்டமும்

ஒரு கல்லூரி ஒரு பல்கலைக்கழகத்தின் இணைவிலிருந்து விலகி மற்றொன்றின் இணைவுக்குள் செல்லுங்காலை, நம் நாட்டில் எழும் வினாக்கள் ஒரு சிலவே. பாடத்திட்டம் மாறுமா? வினாத்தாள் கடினமாகுமா? பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் பொறிக்கப்படும்? வேலைக்கு மனுச் செய்யும்போது அப்பெயருக்கு மதிப்பு இருக்குமா? இவை யாவும் நியாயமான வினாக்களே. பெற்றோரும் கேட்பர், ஆட்சிக்குழுவும் கேட்கும். ஆனால், அக்கல்லூரியின் கால்பந்து அணி இனி யாரோடு விளையாடும் என்னும் வினாவை எழுப்பியவரை நாம் இதுகாறும் கண்டிலோம். உடற்கல்வி இயக்குநர் ஒருவர் மட்டும் தம் அறையில் அமர்ந்து, பழைய போட்டி அட்டவணையை மடித்து வைத்துவிட்டுப் புதியதற்குக் காத்திருப்பார். அவரிடமும் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

இஃது அற்பச் செய்தி என்று ஒதுக்கத் தக்கதன்று. சென்னையின் மேற்குப் புறநகராகிய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியில் வாழும் நம் மாணவர்க்கு இது வாழ்வோடு ஒட்டிய செய்தி. எப்படி என்பதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

எல்லைகள் மாறுவது இவ்வூர்களுக்குப் புதிதன்று. செங்கற்பட்டு மாவட்டம் 1997-இல் பிரிந்தபோது இவை திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கின. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல் அம்பத்தூர் வட்டமே சென்னை மாவட்டத்துக்குப் போயிற்று. ஆவடி 2019-இல் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லி திருவள்ளூரிலேயே தங்கிற்று. ஆயினும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்பவரும், ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணிபுரிபவரும், பூவிருந்தவல்லிச் சந்திப்பில் பேருந்துக்கு நிற்பவரும் முன்போலவே ஒருவரையொருவர் சந்தித்துக்கொண்டுதான் இருக்கின்றனர். அரசாங்கம் கோடு கிழித்தால் சாலை நின்றுவிடுவதில்லை. கல்லூரி விளையாட்டில் மட்டும் கோடு கிழித்தவுடன் சாலை நின்றுவிடுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தோன்றியது. தென்னகத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் அதன் நிழலில் இருந்தது. பிறகு ஒவ்வொரு கிளையாகப் பிரிந்தது. 1966-இல் மதுரை, 1982-இல் திருச்சியில் பாரதிதாசன், கோவையில் பாரதியார், 2002-இல் வேலூரில் திருவள்ளுவர். ஊர்வாரியாகப் பிரிந்தது போதாதென்று துறைவாரியாகவும் பிரிந்தது. மருத்துவக் கல்லூரிகள் 1980-களின் இறுதியில் தனிப் பல்கலைக்கழகம் கண்டன. சட்டக் கல்லூரிகள் 1990-களில் பிரிந்தன. பொறியியற் கல்லூரிகள் 2001-ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டி அண்ணா பல்கலைக்கழகத்திற்குச் சென்றன. உடற்கல்விக் கல்லூரிகளும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளும் பின்னர்ச் சென்றன. கல்வி நிருவாகத்தின் நோக்கில் இவற்றிற்குக் காரணங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை ஓரிடத்தில் குவித்துத் திருத்துவதைக் காட்டிலும் பகுத்துச் செய்தல் எளிது. தொலைவிலிருந்து ஒரு சான்றிதழுக்காகச் சேப்பாக்கம் வந்து காத்துக் கிடந்த மாணவரின் துன்பம் தீர்ந்தது. அதனை நாம் மறுக்கவில்லை.

எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நம் சமுதாயப் பெரியோர் உருவாக்கிய கல்லூரிகளையே எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தோன்றியது. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் ஒரே ஆண்டாகிய 1951-இல் பிறந்தவை. மேல்விசாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. இந்நான்கும் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் என்னும் ஒரே குடைக்கீழ் இருந்தவை. இன்று புதுக்கல்லூரி சென்னையில் நிற்கிறது. ஜமால் முகமது பாரதிதாசனில். மேல்விசாரமும் வாணியம்பாடியும் திருவள்ளுவரில். பாளையங்கோட்டைச் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியோ மதுரையிலிருந்து 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. ஆட்சிக்குழுத் தலைவர்கள் மாநாடுகளில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொள்கின்றனர். பேராசிரியர்கள் கருத்தரங்குகளில் சந்திக்கின்றனர். அக்கல்லூரிகளின் பந்தாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எங்கே சந்திப்பர்? பல்கலைக்கழகப் போட்டியில் சந்திக்க வழியில்லை. எவரேனும் கோப்பைப் போட்டி நடத்தி அழைப்பு அனுப்பினால் உண்டு, இல்லையேல் இல்லை.

பொறியியற் கல்லூரிகளின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் உள்ள ஆலிம் முகமது சாலிஹ் பொறியியற் கல்லூரியை நம் வாசகர் பலர் அறிவர். இதுபோன்று இப்பகுதியில் அன்று இருந்த பொறியியற் கல்லூரிகள் யாவும் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 2001-க்குப் பின் அண்ணா பல்கலைக்கழகம். 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று பகுக்கப்பட்டது. 2010-இல் சென்னைப் பகுதிக் கல்லூரிகளுக்கென ‘அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சென்னை’ என்று இன்னொன்று பிறந்தது. 2012-இல் எல்லாவற்றையும் மீண்டும் ஒன்றாக்கினர். அதே கட்டடம், அதே மைதானம், அதே கோல் கம்பம். பனியன் முதுகில் எழுதவேண்டிய பெயர் மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று முறை மாறியது. ஓர் அணி என்பது நேற்று ஆடியவரைக் கண்டு இன்று ஆடுபவர் கற்பது. அந்தத் தொடர்ச்சிக்கு இத்தகைய மாற்றங்கள் எத்துணை இடையூறு என்பதைப் பந்து உதைத்தவர் அறிவர்.

மூன்றாவது வகை ஒன்றுண்டு. அதுவே நம் பகுதியை மிகுதியும் பாதித்தது. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்னும் தகுதியை மைய அரசு வழங்கும். அத்தகுதி பெற்ற நிறுவனம் எவருக்கும் இணைவுக் கல்லூரியன்று. தானே பாடம் வகுத்துத் தானே பட்டம் கொடுக்கும். போரூர் இராமச்சந்திரா நிறுவனம் 1994-இலும், மதுரவாயல் எம்.ஜி.ஆர். நிறுவனம் 2003-இலும், பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேரூன்றிய சவீதா 2005-இலும், ஆவடியில் வேல்டெக் 2008-இலும் அத்தகுதியை அடைந்தன. வண்டலூரில் 1984-இல் கிரசென்ட் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கிய நம் பெருமைமிகு நிறுவனமும் பின்னர் அவ்வழியே சென்றது. ஆகவே இன்று பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி வரை ஒரு மாணவன் மிதிவண்டியில் சென்றால், சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று, அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று, தானே பல்கலைக்கழகமாகிவிட்ட நிறுவனம் ஒன்று என மூவகைக் கல்லூரிகளையும் கடந்து போவான். ஒரே நிருவாகத்தின் கலைக் கல்லூரியும் பொறியியற் கல்லூரியும் அருகருகே இருந்தும், ஒன்று சேப்பாக்கத்திற்கும் மற்றொன்று கிண்டிக்கும் கணக்குக் காட்டும் நிலையும் இங்குண்டு. மதிலுக்கு இப்புறத்து அணியும் அப்புறத்து அணியும் பல்கலைக்கழக அட்டவணைப்படி ஒருபோதும் மோதா.

விளையாட்டு ஏணியின் அமைப்பை அறியாதவர்க்காக இரண்டு சொல். ஒரு பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகள் முதலில் தம்முள் மண்டலவாரியாக ஆடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஏ மண்டலம், பி மண்டலம் என்பர். அண்ணா பல்கலைக்கழகத்தில் எண்ணிட்ட மண்டலங்கள் பல. அங்கே திறமை காட்டுவோரிலிருந்து பல்கலைக்கழக அணி தெரிவு செய்யப்படும். அவ்வணி, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் சார்பில் நடைபெறும் தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். அச்சங்கம் 1925-இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியமாகத் தொடங்கி 1973-இல் இப்பெயர் பெற்றது. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என நான்கு மண்டலங்களிலும் முன்னணியில் வருபவை அகில இந்தியப் போட்டியில் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்கு ஆடும். கேரளத்துக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் அக்கோப்பையைப் பன்முறை வென்றது. ஏன் வென்றது? மலப்புரத்திலும் கோழிக்கோட்டிலும் பந்தாட்டத்தில் ஊறிய பல கல்லூரிகள் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருப்பதுதான் தலையாய காரணம் என்பது நம் கருத்து. வீட்டுக்குள்ளேயே வலிய எதிரி இருப்பவன் வெளியே அஞ்சமாட்டான்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிவிட்ட நிறுவனத்திற்கு இந்த ஏணியின் கீழ்ப்படிகள் இல்லை. அதன் அணி நேரே தென்மண்டலத்தில் இறங்கும். தொடக்கச் சுற்றுகள் தோற்றவர் வெளியேறும் முறையில் நடப்பவை. ஒரு நாள் தோற்றால் அவ்வாண்டின் பந்தாட்டம் முடிந்தது. ஓராண்டுப் பயிற்சி, தொண்ணூறு நிமிடம், பிறகு இரயிலேறித் திரும்ப வேண்டியதுதான். வலிமை மிக்க நிறுவனங்கள் சில கட்டணச் சலுகையும் விடுதியும் உணவும் கொடுத்துத் தொலைமாநிலங்களிலிருந்து ஆட்டக்காரரை அழைத்து வருகின்றன. அதில் தவறில்லை; ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் காலால் கல்வி கிடைக்கிறதென்றால் மகிழ்வோம். ஆனால் அந்த நல்ல ஆட்டக்காரர் ஆவடியிலேயே மூன்றாண்டு தங்கியிருந்தும், பக்கத்துத் தெருக் கல்லூரியின் மாணவன் அவரோடு ஒரு முறையேனும் பந்துக்குப் போராடும் வாய்ப்பைப் பெறுவதில்லை.

இவ்விடத்தில் கடல் கடந்த செய்தி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். அமெரிக்காவிலும் கல்லூரிகள் அணி மாறிக் கூட்டணி மாறும் புயல் ஒன்று வீசியது. அவர்கள் ‘ஃபுட்பால்’ என்பது நம் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதற்கு ஏன் காலின் பெயரை வைத்தனர் என்பதை மொழியியல் பேராசிரியர்களுக்கே விட்டுவிடுகிறோம். 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் ஆடியதை அதன் தொடக்கமாகக் கூறுவர். அக்கல்லூரிகள் வட்டாரந்தோறும் ‘கான்ஃபரன்ஸ்’ என்னும் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடி வந்தன. பசிபிக் கரைக் கூட்டமைப்பு 1915-இல் அமைந்தது. அண்டை மாநிலங்களின் கல்லூரிகளே அதில் இருந்தன. தொலைக்காட்சி வந்தது. 1984-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை மையச் சங்கம் ஒன்றே கட்டுப்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் ஆட்டங்களைத் தானே விலைபேசத் தொடங்கியது. ‘பிக் டென்’ என்னும் கூட்டமைப்பு 2022-இல் செய்த ஒப்பந்தம் ஏழாண்டுகளுக்கு எழுநூறு கோடி டாலருக்கும் மேல் என்று செய்தித்தாள்கள் எழுதின.

பணம் இருக்கும் பக்கம் கல்லூரிகள் சாய்ந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பெரும் கல்லூரிகள் 2022-இல் பிக் டென்னுக்குச் செல்வதாக அறிவித்தன. 2023-இல் மேலும் பல கிளம்பின. நூறாண்டு கண்ட பசிபிக் கூட்டமைப்பின் பன்னிரு கல்லூரிகளில் பத்துப் போய், ஒரேகன் மாநிலக் கல்லூரியும் வாஷிங்டன் மாநிலக் கல்லூரியும் மட்டும் எஞ்சின. 2024, 2025 ஆகிய இரு பருவங்களில் அவ்விரண்டே அக்கூட்டமைப்பு! 2026-க்கென வேறு கல்லூரிகளை அழைத்துப் புதிதாகக் கட்டினர். ‘பெரிய பத்து’ என்று பெயர் கொண்டதில் இப்போது பதினெட்டு. ‘பெரிய பன்னிரண்டு’ என்பதில் பதினாறு. பசிபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டு, ‘அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில்’ உறுப்பு. கணக்கும் பூகோளமும் சேர்ந்து தோற்ற இடம் அது. நியூ ஜெர்சிக் கல்லூரியும் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியும் ஒரே கூட்டமைப்பில் மோதுகின்றன. இடைத்தொலைவு ஏறத்தாழ நான்காயிரம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து இரயிலில் தில்லி சென்று திரும்பும் தொலைவுக்குச் சற்றே குறைவு. கால்பந்து அணியாவது வாரம் ஒரு நாள் விமானம் ஏறும். அதே கூட்டமைப்பில் ஆடும் கைப்பந்துப் பெண்களும் மென்பந்துப் பெண்களும் பணம் கொண்டுவராத ஆட்டத்திற்காக வகுப்பை விட்டுப் பறக்க வேண்டியிருக்கிறது.

அங்கு டெக்சாஸ் மாநிலத்தில் இரு பெருங்கல்லூரிகள் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்று. ‘ஏ அண்டு எம்’ மற்றொன்று. 1894-இல் தொடங்கிய அவர்தம் போட்டி, 1915 முதல் ஆண்டு தவறாது நடந்தது. ஒரு கல்லூரி வேறு கூட்டமைப்பை நாடியதால் 2011-உடன் நின்றது. ஒரே மாநிலம், ஒரே மக்கள், தந்தை ஒரு கல்லூரி, மகன் மற்றொரு கல்லூரி. ஆனால் ஆட்டம் இல்லை. 2024-இல் மற்றக் கல்லூரியும் அதே கூட்டமைப்புக்கு வந்து சேர்ந்த பின்னரே மீண்டும் மோதினர். பன்னிரண்டு ஆண்டு நின்ற ஆட்டம் பணத்தால் நின்று, பணத்தாலேயே மீண்டது என்பது அதன் விந்தை.

அங்கே மாற்றத்தின் காரணம் தொலைக்காட்சிப் பணம். இங்கே காரணம் சட்டமன்றத்தின் சட்டமும் மைய அரசின் அறிவிக்கையும். விழுப்புரத்தில் 2021-இன் தொடக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்திற்குச் சட்டம் இயற்றி, அவ்வாண்டிலேயே அதனைக் கலைத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கச் சட்டம் செய்ததை நாம் கண்டோம். அப்பகுதிக் கல்லூரிகளின் ஆட்டக்காரர் எந்தப் பனியனைத் தைப்பது என்று அறிய எத்தனை முறை சுற்றறிக்கை படித்திருப்பர்! காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே. அண்டை வீட்டாரோடு ஆடுவது குறைந்து, அறியாதவரோடு ஆடுவது பெருகுகிறது. இங்கும் அங்கும், முடிவு செய்யும் மேசையில் ஆட்டக்காரனுக்கு நாற்காலி இல்லை.

நடுநிலை தவறாது மறுபக்கத்தையும் கூறுவோம். முன்பு சென்னைப் பல்கலைக்கழக அணி ஒன்றே. அதில் இடம் பெறுவோர் இருபதின்மர்க்குள். அதிலும் நகரின் பெயர்பெற்ற கல்லூரிகளின் மாணவரே பெரும்பான்மை. பட்டாபிராமிலிருந்தோ திருமுல்லைவாயிலிலிருந்தோ ஒருவன் நுழைவது அரிது. இன்று இதே நிலப்பரப்பில் பல பல்கலைக்கழக அணிகள் உள்ளன; ஆகவே ‘பல்கலைக்கழக ஆட்டக்காரன்’ என்னும் சிறப்பைப் பெறுவோர் தொகை பன்மடங்காயிற்று. இதனைச் சிறிதென்று எண்ணலாகாது. மைய அரசுப் பணிகளில் விளையாட்டுத் தகுதியின்கீழ் நியமனம் பெற, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியிருத்தல் ஏற்கப்பட்ட தகுதிகளுள் ஒன்று. இரயில்வேயும் வங்கிகளும் காவல்துறையும் ஆட்டக்காரரை எடுக்கின்றன. தமிழ்நாடு அரசும் தன் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்க்கென மூன்று விழுக்காடு ஒதுக்கியுள்ளது. அம்பத்தூரிலிருந்து கூப்பிடு தொலைவில், வில்லிவாக்கத்தை ஒட்டி, 1955 முதல் இயங்கும் இரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. அதன் கால்பந்து அணியில் இடம் பிடித்தால் ஒரு குடும்பம் கரையேறிவிடும். பெட்டிக்கடைக்காரர் மகனுக்கும் தையற்காரர் மகனுக்கும் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதமன்று.

எனவே பழைய ஒரே குடை மீண்டும் வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அது வரவும் வராது. நாம் கூறுவது வேறு. சான்றிதழுக்கு உரிய தகுதியைப் பல்கலைக்கழகம் கொடுக்கும். அத்தகுதிக்கு உரிய ஆட்டத்தை எங்கே கற்பது? வேலைக்குத் தேர்வு செய்யும் களத்தில் சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டுப் பந்தைக் காலில் வாங்கச் சொல்வர். ஆண்டுக்கு மூன்று நான்கு ஆட்டங்களே ஆடியவன், பருவம் முழுதும் ஆடியவன் முன் நிற்கமாட்டான். சிறு கல்லூரி அணி ஒன்று மண்டலப் போட்டியின் முதல் நாளே தோற்குமாயின், அதன் ஆண்டுக் கணக்கு ஓர் ஆட்டம். பதினோரு பேருக்குப் பனியனும் காலுறையும் வாங்கிய செலவு, அந்தத் தொண்ணூறு நிமிடத்திற்கு. ஆட்டங்களின் தொகை குறைந்ததுதான் நோய். எதிரணி பக்கத்தில் இருந்தும் எட்டாதிருப்பதுதான் அந்நோயின் மூலம்.

மகளிர் ஆட்டத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரை வென்று தேசிய வாகையர் ஆயினர். 2023-இல் மீண்டும் வாகை சூடினர். ஆயினும் மேற்குப் புறநகரில் கால்பந்து அணி நிறுத்தக்கூடிய மகளிர் கல்லூரிகள் மிகச் சிலவே. அந்தச் சிலவற்றையும் பல பல்கலைக்கழகங்களாகப் பங்கிட்டால் ஓர் அட்டவணை போடவும் அணி தேறாது. ஆவடிப் பெண்பிள்ளை ஆட வேண்டுமானால் அம்பத்தூர்ப் பெண்பிள்ளை எதிரில் நிற்க வேண்டும். அவள் எந்தப் பல்கலைக்கழகத்தவள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இருவரும் வீட்டுக்குத்தான் போவர்.

பல்கலைக்கழகத்தின் இசைவுக்காகக் காத்திராமல் கல்லூரிகள் தாமே ஒன்றுகூடி ஆடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. லயோலா கல்லூரி நெடுங்காலமாக நடத்தி வரும் பெர்ட்ராம் நினைவுப் போட்டிகளில் பல்வேறு கல்லூரிகள் வந்து ஆடுகின்றன; எந்த இணைவு என்று வாயிலில் நின்று கேட்பதில்லை. ஆனால் அழைப்புப் போட்டி சில நாள் திருவிழா. நாம் வேண்டுவது நாள்தோறும் உலை வைக்கும் அடுப்பு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்ப்புறக் கல்லூரிகள் மட்டும் சேர்ந்த ஒரு லீக். பட்டாபிராம் இந்துக் கல்லூரி போன்ற மூத்த கலைக் கல்லூரியும், முத்தாபுதுப்பேட்டைப் பொறியியற் கல்லூரியும், ஆவடியின் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஒரே பட்டியலில் நிற்க வேண்டும்.

எட்டுக் கல்லூரிகள் இசைந்தால் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஏழனோடும் ஒரு முறை ஆடினால் இருபத்தெட்டு ஆட்டங்கள். சனிக்கிழமைதோறும் நான்கு என்றால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். ஒவ்வோர் அணிக்கும் உறுதியாக ஏழு ஆட்டம். முதல் நாள் தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை உண்டு. ஐப்பசி மழையில் நம் பக்கத்து மைதானங்கள் ஏரியாகும் என்பதால் ஆடியிலும் ஆவணியிலும் முடித்துவிடல் நன்று. பருவத் தேர்வும் அப்போது நெருங்கியிராது. அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கினால் மஃரிபுக்கு முன் முடியும். எவருக்கும் இடையூறு இல்லை. ஒரு சனிக்கிழமை நம் மைதானம், மறு சனிக்கிழமை அவர் மைதானம். செலவு என்ன? பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, நடுவர் ஊதியம், முதலுதவிப் பெட்டி, விருந்தினர் அணிக்கு வாழைப்பழமும் தேநீரும். பேருந்துக் கட்டணம் ஒரு பொருட்டன்று. அமெரிக்கர் நான்காயிரம் கிலோமீட்டர் பறக்கும் வேலையை நாம் நகரப் பேருந்தில் முடித்துக்கொள்வோம்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தொடக்கத்திலேயே எழுதி வைக்கத்தக்கது. லீக்கில் ஆடும் மாணவனை நடுவாண்டில் ஆசைகாட்டி வேறு கல்லூரி இழுத்துக்கொள்ளலாகாது. வசதியுள்ள நிறுவனங்கள் இதற்கு உடன்பட்டாலன்றி எளிய கல்லூரிகள் இதில் நுழைய அஞ்சும், அவ்வச்சம் நியாயமானதே. இன்னொன்று, அணியில் பாதிப்பேரேனும் இவ்வூர்ப்புறத்துப் பள்ளிகளில் படித்தவராயிருத்தல் வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. மணிப்பூரிலிருந்து வந்த மாணவனும் ஆவடியில் உண்டு உறங்குகிறான்; அவனிடமிருந்து கற்பதற்காகத்தானே இத்தனையும்?

படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரம் ஒரு மாலை மைதானத்தில் கழிப்பவன் தெருமுனையில் கழிக்கும் மாலை ஒன்று குறைகிறது. ஆட்டத்தைக் காண அவர்களும் வருதல் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும் பேச்சில் சனிக்கிழமை ஆட்டமும் இடம்பெறட்டும்.

தமிழ்த்துறைக்கும் இதில் பணியுண்டு. ஒவ்வோர் ஆட்டத்தின் செய்தியையும் நல்ல தமிழில் எழுதி எட்டுக் கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டும் பொறுப்பை நம் இளங்கலை மாணவர் ஏற்கலாம். ‘ஆஃப்-சைடு’ என்பதற்கு மைதானத்தில் நிற்பவனும் ஏற்றுக்கொள்ளும் ஒரு தமிழ்ச்சொல்லைக் கண்டுபிடிப்போர்க்குத் துறையின் சார்பில் ஒரு நூல் பரிசளிக்கவும் நாம் ஆயத்தமாயுள்ளோம்.

முதற்கண் எட்டு உடற்கல்வி இயக்குநர்களும் ஓர் அறையில் கூட வேண்டும். அவ்வழைப்பு முதல்வர்களின் கையொப்பத்தோடு செல்லுமாயின் மறுப்போர் இரார். வரும் கல்வியாண்டு தொடங்குமுன், கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் கூடினால் ஆடி மாதத்து முதற் சனிக்கிழமைக்கு அட்டவணை ஆயத்தமாகிவிடும். கூட்டத்திற்கு இடமும் தேநீரும் நம் கல்லூரி தரும் என்று ஆட்சிக்குழுவினர் அறிவிக்க வேண்டுகிறோம். நம் மைதானத்தின் கிழக்குப் பக்கத்துக் கோல் கம்பத்திற்கு அதற்குள் வலை கட்டிவிடுதல் நன்று.